திறந்தவர் பெயர் கல்லில், இறந்தவர் பெயர் எங்கே?

செத்த சிப்பாய்க்கு இந்த நாட்டில் மரியாதை கிடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிநாட்டுப் பிரதமர் வர வேண்டும். இரண்டு, தேர்தல் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் கல்லறைக்கே வெள்ளையடித்துவிடுவார்கள்.

சந்தேகமா? 2018 ஜனவரி 14. இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு டெல்லியில் வந்து இறங்கினார். இறங்கிய கையோடு தீன் மூர்த்தி சவுக்கத்துக்கு அழைத்துப் போனார்கள். மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் குதிரைப் படைகளுக்காக 1922இல் நட்ட மூன்று வெண்கலச் சிலைகள் அங்கே நிற்கின்றன. தொண்ணூற்றைந்து வருஷத்துக்கு மேலாக அந்த மூவரையும் சுற்றி டெல்லி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரப்பா நீங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குத் திடீரென்று சவுக்கத்தின் பெயரில் ‘ஹைஃபா’ ஒட்டிக்கொண்டது. மலர்வளையம். கேமரா. கட்டிப்பிடித்தல். மறுநாள் ஒப்பந்தங்கள்.

இப்போது இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபாவில் அந்தப் படைகள் காட்டியது வீரம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1918 செப்டம்பர் 23. எதிரில் துருக்கியரும் ஜெர்மானியரும், பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும். நம் ஆட்களின் கையில் ஈட்டி, வாள், கடிவாளம். மைசூர் லான்சர்ஸ் கார்மல் மலைச் சரிவில் ஏறிப் பீரங்கிகளை மடக்கியது. ஜோத்பூர் படை நேரே ஊருக்குள் பாய்ந்தது. அதன் தளபதி மேஜர் தல்பத் சிங் அங்கேயே விழுந்தார். மாலைக்குள் ஊர் கைக்கு வந்தது. யார் கைக்கு? பிரிட்டிஷ்காரன் கைக்கு. இஸ்ரேல் என்ற நாடு பிறக்க இன்னும் முப்பது வருஷம் இருந்தது. இப்போது இதற்கு ‘ஹைஃபா விடுதலை’ என்று பெயர். ஹைஃபாவை மீட்டுக் கொடுத்தவனின் சொந்த ஊர் அப்போது யாரிடம் இருந்தது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் மலர்வளையம் வாடிவிடும்.

அந்த மலர்வளையத்துக்கு நாலு வருஷம் கழித்து வாருங்கள். 2022 ஜனவரி 21. இந்தியா கேட் வளைவின் கீழே 1972 குடியரசு நாள் முதல் எரிந்துகொண்டிருந்த அமர் ஜவான் ஜோதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அணைத்துவிட்டீர்களே என்று முன்னாள் வீரர்கள் சிலர் கொதித்தார்கள். அணைக்கவில்லை, இணைத்தோம் என்று பதில் வந்தது. சரி, ஏன் இணைத்தார்களாம்? அரசு வட்டாரங்கள் சொன்ன காரணத்தை நிதானமாகக் கேளுங்கள். இந்தியா கேட்டில் இருக்கும் பெயர்கள் முதலாம் உலகப் போரிலும் ஆப்கான் போரிலும் பிரிட்டிஷாருக்காகச் சண்டை போட்ட சிலருடையவை மட்டும்தானாம். ஆகவே அது காலனி ஆட்சியின் சின்னமாம்.

ஆக, 1918இல் பிரிட்டிஷ் மன்னருக்காக ஹைஃபாவில் செத்தால் தேசப் பெருமை. அதே மன்னருக்காக வேறெங்கோ செத்து டெல்லி வளைவில் பெயர் வந்துவிட்டால் காலனிச் சின்னம். சிப்பாய்கள் முன்யோசனை இல்லாமல் செத்துவிட்டார்கள். எந்த ஊர் நூறு வருஷம் கழித்து நமக்கு நட்பு நாடாகும் என்று விசாரித்துக்கொண்டு போய்ச் செத்திருக்க வேண்டும்.

ஜோதி போய்ச் சேர்ந்த தேசியப் போர் நினைவகத்தில் 2019இல் திறக்கும்போது 25,942 பெயர்கள் இருந்தன. எல்லாம் 1947க்குப் பிந்தியவை. வளைவில் இருக்கும் பதின்மூவாயிரத்துச் சொச்சம் பெயர்கள் வளைவிலேயே இருக்கின்றன. வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காங்கிரஸ்காரர்கள் கைதட்ட வேண்டாம். போர் நினைவகம் வேண்டும் என்று படைகள் கேட்டது 1960இல். கட்டி முடித்தது 2019இல். நடுவில் பெரும்பகுதிக் காலம் யார் ஆண்டார்கள் என்பதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம். முதல் உலகப் போருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் போரில் சீருடை போட்டவர்கள் 25 லட்சம் பேர். அதில் 87,000 பேர் வரை செத்தார்கள். விடுதலை வாங்கிய கட்சிக்கு இவர்கள் எல்லோரும் சங்கடம். வெள்ளைக்காரன் சீருடையில் நின்றவர்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து கத்தரித்து எடுத்த சித்தப்பாவைப் போல இவர்களை வைத்திருந்தார்கள். ஒரு கட்சி மறைத்தது. இன்னொரு கட்சி விருந்தாளி வரும்போது மட்டும் எடுத்துக் காட்டுகிறது.

பெங்களூருக்கு வருவோம். மைசூர் லான்சர்ஸ் இந்த மண்ணின் படை. அவர்களுக்கு ஜே.சி.நகரில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் பத்துப் பேரைக் கேளுங்கள், அது எங்கே என்று. ஒன்பது பேர் கூகுள் மேப் திறப்பார்கள். பத்தாமவர், அது பப்பா என்று கேட்பார். அவர்களைத் திட்டிப் பயனில்லை. செப்டம்பர் 23 வரும். சாமியானா வரும். பிளாஸ்டிக் நாற்காலி வரும். குதிரையைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள். மறுநாள் நாற்காலிக்காரன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போவான். சரித்திரமும் அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விடும்.

பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் முனையில் ஒரு கல்தூண் நிற்கிறது. மெட்ராஸ் பயனியர் படையினருக்கானது. பெங்களூரில் அதற்கு ஒரே பயன்தான்: ‘அந்தத் தூண்கிட்ட நில்லு, வந்துடறேன்’ என்று போனில் சொல்ல உதவும். அந்தப் பயனியர்களில் 61ஆம் படையை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கொண்டுபோய் இறக்கினார்கள். கூடவே 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும். ஆம், நம் நெல்லைச் சீமைப் பாளையங்கோட்டையின் பெயரைச் சுமந்த படைதான். வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து வைத்திருந்த ஆட்களை, முன்னே போய் வேவு பார்க்காமலே கரையில் தள்ளினார்கள். இவர்கள் எட்டாயிரம் பேர். எதிரில் ஜெர்மன் படை அதில் ஒரு சிறு பங்கு. துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் வேறு கொட்டின. படுதோல்வி. பழி யார் மேல் விழுந்தது? திட்டம் போட்ட தளபதிகளின் மேலா? சேச்சே. ‘தரம் குறைந்த’ மதராஸ் சிப்பாய்களின் மேல். தென்னாட்டான் சண்டைக்கு ஆகாதவன் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்திருந்த தியரிக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது. 1933இல் பயனியர் படைகளையே கலைத்துவிட்டார்கள். தூண் மட்டும் மிச்சம். அதையும் கலைக்காமல் விட்டதற்குக் காரணம் மரியாதை என்று நினைக்காதீர்கள். யாருக்கும் ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

உலகப் போரில் பெங்களூரின் பெயர் அழியாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது ஒரு குழாய். 1912இல் இங்கே மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்லின்டாக், முள்வேலியைத் தகர்ப்பதற்கு வெடிமருந்து அடைத்த நீளக் குழாய் ஒன்றைச் செய்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ என்று அதற்குப் பெயர். 1944 ஜூன் 6ஆம் தேதி நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கர்கள் முள்வேலியை உடைத்தது இதை வைத்துத்தான். ஹாலிவுட் படத்திலும் வருகிறது. பார்த்தீர்களா, வெடிக்கும் குழாய்க்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. அதே படையில் முள்வேலிக்குள் ஊர்ந்து போன தம்பிக்குக் கிடைக்கவில்லை. தம்பி என்பது நான் வைத்த பெயர் இல்லை. மெட்ராஸ் சேப்பர் சிப்பாயை ராணுவமே அப்படித்தான் கூப்பிடும்.

அந்தத் தம்பிகளில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டுச் சீமையில் கீழ் ஒட்டிவாக்கம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற ஊர். கண்ணிவெடி தேடும் வேலை. பக்கத்தில் ஒரு கண்ணி உயிர்பெறும் சத்தம் கேட்டது. வெடிக்கச் சில நொடிகள் இருந்தன. ஓடியிருக்கலாம். அதன்மேல் போய்க் கவிழ்ந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் உண்டு. இறந்த பிறகு கிடைத்தது. நம் ஊர்களில் எத்தனை தெருக்களுக்கு அவர் பெயர் என்று தேடிப் பாருங்கள். நேரம் மிச்சமானால், இருக்கும் தெருப் பெயர்களில் எத்தனை பேர் வட்டச் செயலாளர்கள் என்றும் எண்ணுங்கள்.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் சுத்தம் என்று சொல்லும் கூட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்து புல்வெளியைப் புகழ்வார்கள். ‘நம்மாளுங்களுக்கு மெயின்டனன்ஸ் தெரியாது சார்’ என்பார்கள். புல் பச்சைதான். மறுக்கவில்லை. அந்தப் புல்லைத் தாண்டிப் பின்பக்கம் போனால் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் செத்து, இந்தியாவின் பல கண்டோன்மென்ட் கல்லறைத் தோட்டங்களில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. ஏன் இங்கே? அந்தந்த ஊரில் அந்தக் கல்லறைகளைக் காலத்துக்கும் பராமரிக்க வழியில்லையாம். ஆள் ஓர் ஊரில், பெயர் ஓர் ஊரில். அவர்களுக்காவது பெயர் இருக்கிறது.

பாஸ்ராவுக்குப் போங்கள். போக வேண்டாம், படித்தால் போதும். மெசபடோமியாவில் செத்தவர்களுக்கு அங்கே 1929இல் ஒரு பெரிய நினைவுச்சுவர் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர். இந்திய அதிகாரிக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? எண்ணிக்கை. இந்தப் படையில் இத்தனை பேர், அந்தப் படையில் இத்தனை பேர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் கூட்டல் கணக்காகிப் போனார்கள். இதைச் செய்த போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை என்ன தெரியுமா? பதவி, இனம், மதம் எதுவும் பாராமல் எல்லோருக்கும் சமமான நினைவு. 1917இல் தொடங்கியபோது கூறியது. மையும் காயவில்லை, பட்டியலில் கோடு விழுந்துவிட்டது.

நம் கிராமங்களில் வெள்ளைக்காரன் பதித்துவிட்டுப் போன சின்னக் கல்பலகைகளிலும் இதே கைவரிசைதான். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள். அவ்வளவுதான். சந்தைக்குப் போன மாட்டுக் கணக்கில்கூட மாட்டின் நிறத்தை எழுதுவான் நம் ஊர்க் கணக்குப்பிள்ளை.

நூறு வருஷம் கழித்து, 2021 ஏப்ரல் 22ஆம் தேதி, அந்த ஆணையம் ஓர் அறிக்கை விட்டது. ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்களாம். இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கவில்லையாம், அல்லது எந்த நினைவும் இல்லையாம். அது 3,50,000 வரைகூடப் போகலாமாம். லண்டனில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல விஷயம். ஆனால் இந்த ‘வரை’யைக் கவனியுங்கள். ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை. நடுவில் இரண்டு லட்சத்துச் சொச்சம் மனிதர்கள் செத்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை. ரேஷன் சர்க்கரையில் இந்த வித்தியாசம் வந்தால் தாசில்தாரைத் தூக்கியிருப்பார்கள்.

இனி எங்கள் பொம்மசந்திரா. ஓசூர் சாலையில் பெங்களூர் முடியப்போகும் இடம். கம்பெனி, குடோன், லாரி, புழுதி. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி எங்களுக்கும் மெட்ரோ வந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். வருஷக்கணக்கில் தாமதம். வந்தபோது மூன்றே ரயில்கள், இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒன்று. பிரதமர் வந்து திறந்தார். கடைசி மூன்று நான்கு நிலையங்களின் பெயர்களை வாசியுங்கள். இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கொனப்பன அக்ரஹாரா. பயோகான் ஹெப்பகோடி. டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. கொனப்பன அக்ரஹாராவுக்கு 200 கோடி ரூபாய் தருவதாக 2018இலேயே ஒப்பந்தம். கொடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்படையாகக் காசு கொடுத்தார்கள், வெளிப்படையாகப் பெயர் வாங்கினார்கள். பொதுச் சொத்தில் பெயருக்கு விலை என்ன என்பது நமக்கும் தெரிந்துவிட்டது. பாஸ்ராவின் முப்பதாயிரத்தை இந்த விலையில் பெருக்கிப் பாருங்கள். கால்குலேட்டர் தாங்காது. சிப்பாய்களின் வாரிசுகள் பணம் கட்டத் தவறிவிட்டார்கள் என்று கோப்பை மூடிவிடலாம்.

காசு கொடுக்காமல் பெயர் பொறித்துக்கொள்ளும் வகையறா ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் கழிவுநீர்க் கால்வாய்க்கு ஒரு பாலம். பாலம் என்றால் நாலு சிமென்ட் பலகை. அதன் திறப்புவிழாக் கல்வெட்டு பாலத்தைவிடப் பெரிது. மாண்புமிகு, மாண்புமிகு, மாண்புமிகு, செயற்பொறியாளர், ஒப்பந்தக்காரர். கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்து. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர். ஒருவர்கூட அங்கே சாகவில்லை. வியர்க்கக்கூட இல்லை, பந்தல் போட்டிருந்தார்கள். பூங்கா பெஞ்சில் பெயர். நிழற்குடையில் பெயர். குப்பைத் தொட்டியிலும் பெயர், படத்தோடு. இவர்களில் எவருடைய பெயரையும் ‘மற்றும் 11 பேர்’ என்று சுருக்கிப் பொறித்துப் பாருங்களேன். மறுநாள் பொறியாளர் பீதருக்கு மாற்றலாகிப் போவார்.

இதே ஓசூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் பேகூர். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. ஏறக்குறைய கி.பி. 890. ‘பெங்களூர்ச் சண்டை’ என்று அதில் எழுதியிருக்கிறது. இந்த ஊரின் பெயர் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது. அது எதற்கு வைத்த கல்? தொழிற்பூங்கா திறப்புக்கு இல்லை. சண்டையில் செத்தவனுக்கு. கங்கர் காலத்துத் தலைவன் நாகத்தரனின் பெயர் அதில் இருக்கிறது. அவன் வீட்டு ஊழியனின் பெயரும் இருக்கிறது. வீட்டு வேலைக்காரன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன், எழுத்தறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில், உளி பிடித்த ஒருவன் அந்த வேலைக்காரனின் பெயரைக் கேட்டு வாங்கி, எழுத்து எழுத்தாகக் கொத்தினான். அச்சகமும் தந்தியும் கிளார்க்குகளும் ஆவணக் காப்பகமும் வைத்திருந்த பேரரசுக்கு 1929இல் அது முடியவில்லை. அந்தக் கல்லையும் நாம் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடக்க விட்டோம் என்பது தனிக் கதை. அது நம் பங்கு.

‘நடுகல் தமிழனின் மரபு’ என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லைத் தேடுவதிலிருந்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு துறைகள் சொல்கிறது. நாம் ஏழாவதாக ரிப்பன் வெட்டுவதையும் எட்டாவதாக செல்ஃபியையும் சேர்த்தோம். பிறகு முதல் ஆறையும் நீக்கிவிட்டோம்.

வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர்களைப் பாருங்கள். ‘யூரோப் டூர்’ என்று பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போகிறது. சாம்பார் சாதம் கையோடு வரும். பாரிஸில் கோபுரம். பிரஸ்ஸல்ஸில் ஒன்றுக்கு அடிக்கும் பையன் சிலை. அதன் முன்னே வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் ஈப்பர். 1914 அக்டோபர் குளிரில், வெயில் நாட்டுச் சீருடையோடு நம் சிப்பாய்கள் அகழியில் நின்ற மண். அங்கே மெனின் கேட் என்ற வளைவில் இந்தியப் பெயர்களும் இருக்கின்றன. 1928 முதல் தினம் இரவு எட்டு மணிக்கு அந்த ஊர்க்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி பியூகிள் ஊதுகிறார்கள். ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த வருஷங்களில் மட்டும்தான் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில் நவ் ஷப்பல். அங்கே 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் கொண்ட வட்டச் சுவர். பஸ் அந்தப் பக்கம் திரும்பாது. ‘அங்கே ஷாப்பிங் இல்லை’. ஒன்றுக்கு அடிக்கும் பையனுக்குத்தான் நம் நேரமும் நம் மரியாதையும்.

பிரதமர் போனார், ஒப்புக்கொள்கிறேன். 2015 ஏப்ரல் 11ஆம் தேதி நவ் ஷப்பலில் மலர்வளையம் வைத்தார். படங்கள் நன்றாக வந்திருந்தன. நாலு மாதம் கழித்து ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள் முன்னாள் ராணுவத்தினர். எழுபது வயது, எண்பது வயது. நெஞ்சில் பதக்கம். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி டெல்லி போலீஸ் அவர்களைப் பிடித்து இழுத்தது. சட்டை கிழிந்தது. பதக்கம் தொங்கியது. இந்தப் படங்களும் நன்றாகவே வந்திருந்தன.

செத்த சிப்பாயிடம் ஒரு வசதி. அவன் பென்ஷன் கேட்க மாட்டான்.

இந்த வசதியை உயிரோடு இருப்பவனிடமும் எதிர்பார்க்கலாமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஜோதியை ‘இணைத்த’ அதே 2022இல், ஜூன் 14ஆம் தேதி, அக்னிபத் வந்தது. நாலு வருஷச் சேவை. நூற்றுக்கு இருபத்தைந்து பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஒரு கைகுலுக்கல். ஓய்வூதியம் கிடையாது. இருபத்திரண்டு வயதில் ஒருவன் ‘முன்னாள்’ ஆகிவிடுவான். அரசாங்கத்துக்கு நினைவுக்குறைவு என்று யார் சொன்னது? வெள்ளைக்காரன் தன் சிப்பாயை எந்தச் செலவில் முடித்தான் என்பதை மறக்காமல் வைத்திருக்கிறது.

‘முன்னாள்’ ஆனவர்கள் எங்கே போவார்கள்? எங்கள் ஊருக்குத்தான். முன்னாள் வீரர்களின் மறுவாழ்வுக்கென்று பாதுகாப்பு அமைச்சகத்தில் ஓர் இயக்குநரகமே இருக்கிறது. அதன் பெரிய மறுவாழ்வுகளில் ஒன்று செக்யூரிட்டி வேலை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் எந்த கேட்டில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். முதுகு நிமிர்ந்த, மீசை நரைத்த ஒருவர் நிற்பார். மானேஜர் காருக்கு அவர் வைக்கும் சல்யூட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகாது. கார் கண்ணாடி இறங்காது.

அப்படி ஒருவர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் ராணுவம் என்று சொல்வார்களே, கம்மவான்பேட்டை, அதற்குப் பக்கத்து ஊராம்.

“எந்த ரெஜிமென்ட்ண்ணே?”

“மெட்ராஸ், சார்.”

“எத்தனை வருஷம்?”

“பதினேழு. அங்கே லீவாவது கிடைக்கும் சார். இங்கே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.”

ஆகஸ்ட் 15க்கு அவருடைய கம்பெனியில் விழா வைத்தார்கள். ‘நம் நாயகர்களைப் போற்றுவோம்’ என்று பேனர். பழைய பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரச் சொன்னார்களாம். இரவு ஷிஃப்ட் முடித்தவரை வீட்டுக்குப் போக விடாமல் நிற்க வைத்து, சால்வை போர்த்தி, படம் எடுத்து, லிங்க்ட்இன்னில் ஏற்றினார்கள். படத்தின் கீழே ‘எங்கள் பாதுகாவலர் ஒருவர்’ என்று எழுதியிருந்தது. பெயர் போடவில்லை. விழாவில் நின்ற மூன்று மணி நேரத்துக்கு ஓவர்டைம் கேட்டிருக்கிறார். அது டியூட்டியில் சேராது, மரியாதையில் சேரும் என்று சொல்லிவிட்டார்களாம். சால்வைக்கு மட்டும் பில் போட்டிருக்கிறார்கள்.